கட்டளையும் பாடமும்: றக்வானைத் தோட்டப் பாடல்களை முன்னிறுத்தி உரைத்தொகுப்பி பற்றிய ஒரு மதிப்பீடு

1. கருவியும் நோக்கமும்

எந்தக் கருவியும் அதனைக் கையாள்வோனின் நோக்கத்திலிருந்து பிரித்து மதிப்பிடத்தக்கதன்று. எழுத்தாணியும் ஏடும் ஒருவகை இலக்கிய மரபைப் பேணின; அச்சுப்பொறி பிறிதொரு மரபுக்கு வழிகோலியது; கணினி இன்று மற்றொரு மரபைத் தோற்றுவித்துக்கொண்டிருக்கிறது. ஏட்டுச்சுவடிகளிலிருந்து அச்சுக்குத் தமிழ் நூல்கள் பெயர்ந்த காலத்தில் ஆறுமுக நாவலர், சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் ஆகியோர் எதிர்கொண்ட இடர்ப்பாடுகள் தமிழிலக்கிய வரலாற்றின் ஒரு பகுதியாகவே கற்கப்படுகின்றன. ஆனால், கையெழுத்திலிருந்தும் ஒலிப்பதிவிலிருந்தும் கணினிக் கோப்புக்குப் பனுவல்கள் பெயரும் இக்காலத்தின் இடர்ப்பாடுகள் ‘தொழினுட்பம்’ என்னும் ஒரு சொல்லினால் ஒதுக்கப்பட்டு, கலைப்பீடத்து வாயிலுக்கு வெளியே நிறுத்தப்படுவதைக் காணலாம். இப்பிரிவினை பொருத்தமற்றது என்பதே இக்கட்டுரையின் அடிப்படைக் கருத்தாகும்.

கணினியில் வெறும் எழுத்தை மட்டும் எழுதவும் திருத்தவும் பயன்படும் செயலி உரைத்தொகுப்பி எனப்படும். அவற்றுள்ளும் சுட்டியின் துணையின்றி விசைப்பலகையினால் இடப்படும் கட்டளைகளைக் கொண்டே இயங்குவன ஒருவகையின. வீஐ, விம், ஈமாக்ஸ், நேனோ என்பன இவ்வகையில் நன்கறியப்பட்டவை. இவற்றைத் திறம்படக் கையாளுதல் பற்றிய குறிப்புக்கள் ஏராளமாக வழங்குகின்றன. ஒரு சொல்லை அழிக்க எத்தனை விசைகள் போதும், ஒரு பந்தியை நகர்த்தக் குறுக்குவழி யாது என்பன போன்ற வினாக்களும் விடைகளுமே அவற்றுட் பெரும்பான்மையானவை. அவை அனைத்தும் ஓர் எடுகோளின்மீது எழுந்தவை. திறமை என்பது விரைவு என்பதே அவ்வெடுகோள். நிரல் எழுதுவோனுக்கு அது ஓரளவு பொருந்தலாம். தோட்டத்துப் பாடலொன்றைக் கேட்டு எழுதிப் பதிப்பிக்க முற்படும் மாணவனுக்கு அது பொருந்துமா என்பது ஆராயப்படவேண்டியதாகும்.

2. றக்வானையும் பாடல்களும்

இரத்தினபுரி மாவட்டத்தின் தென்புற மலைச்சாரலில், தெனியாயவுக்கு ஏறிச்செல்லும் பாதையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது றக்வான. மேலே தேயிலையும் கீழே இறப்பருமாகத் தோட்டங்கள் பரந்துள்ள சப்ரகமுவப் பிரதேசத்தில், கொழுந்து பறித்தலும் பால்வெட்டும் தமிழ்த் தொழிலாளரின் வாழ்வை வகுத்த இரு தொழில்களாகும். ஹற்றன், நுவரெலியா போன்ற இடங்களைப்போலத் தோட்டங்கள் ஒன்றோடொன்று தொடர்ந்து கிடவாமல், சிங்களக் கிராமங்களின் நடுவே தீவுகள்போல் சிதறிக் கிடப்பது இப்பிரதேசத்தின் இயல்பு. மலையகத்து நாட்டார் பாடல்களைத் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோரின் முயற்சி விதந்து கூறத்தக்கது. எனினும், மலையகம் என்றதும் நினைவுக்கு வருவது மத்திய மலைநாடாகவே இருந்துவந்துள்ளமையும் மறுக்கவியலாதது.

இப்பாடல்களைப் பதிவுசெய்வதில் ஓர் அவசரம் உண்டு. 1964 ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென வகுத்தது. 1977, 1981 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களிற் சப்ரகமுவத் தோட்ட மக்களும் தாக்குதலுக்குள்ளாகி இடம்பெயர்ந்தனர். மக்கள் சிதறும்போது பாடல்களும் சிதறுகின்றன. தாலாட்டாயினும் ஒப்பாரியாயினும் காமன் கூத்துப் பாடலாயினும், ஒரு லயத்தில் ஒரு மூதாட்டியின் நினைவில் மட்டும் எஞ்சியிருப்பது, எழுதப்படும் அந்த ஒரு வடிவத்திலேயே இனி வாழவேண்டியதாகின்றது. ஒப்புநோக்குவதற்கு வேறு பிரதி இல்லாதவிடத்து, எழுதுபவனின் ஒவ்வொரு திருத்தமும் இறுதித் திருத்தமாகிவிடும். உரைத்தொகுப்பியின் கட்டளைகளை மதிப்பிட இதனைக்காட்டிலும் கடுமையான உரைகல் வேறு தேவையில்லை.

3. சுருக்கத்தின் வரலாறு

இத்தொகுப்பிகளின் கட்டளைகள் ஏன் இத்துணைச் சுருக்கமாக உள்ளன என்ற வினாவுக்கு விடை அவற்றின் வரலாற்றிலேயே உண்டு. 1969 இல் கென் தொம்சன் ஆக்கிய ‘எட்’ என்னும் தொகுப்பி, திரையே இல்லாத தொலைத்தட்டச்சுப் பொறிகளுக்கென எழுந்தது. அச்சாகும் ஒவ்வோர் எழுத்தும் தாளையும் நேரத்தையும் விழுங்கிய சூழலில் ஓரெழுத்துக் கட்டளை சிக்கனமாயிருந்தது. கலிபோர்னியாவின் பேர்க்லி வளாகத்தில் மாணவராயிருந்த பில் ஜோய் 1976 அளவில் எழுதத் தொடங்கிய தொகுப்பியே பின்னர் வீஐ என வழங்கலாயிற்று. அவர் பயன்படுத்திய முனையத்தின் விசைப்பலகையில் எச், ஜே, கே, எல் ஆகிய விசைகளின்மீதே அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. வீஐயில் இன்றும் அவ்விசைகளே இடம்பெயர உதவுகின்றன. 1991 இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலெனார் விம் என்னும் விரிவாக்கத்தை வெளியிட்டார். அதனைப் பயன்படுத்துவோர் விரும்பினால் உகண்டாவின் கிபாலே பிரதேசச் சிறுவருக்கு உதவலாம் என்பதே அவர் வைத்த வேண்டுகோள். 2023 ஓகஸ்டில் அவர் மறைந்த பின்னரும் அச்செயலி பலரின் கூட்டுழைப்பினாற் பேணப்பட்டு வருகின்றது.

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படுவது ஒன்றுண்டு. வறுமையான பொறிகளுக்கென வகுக்கப்பட்ட இச்செயலிகள் இன்றும் பழைய, நினைவகம் குறைந்த கணினிகளில் தடையின்றி இயங்குகின்றன, விலையும் இல்லை. கைமாறி வந்த பழைய மடிக்கணினி ஒன்றோடு பல்கலைக்கழகம் புகும் தோட்டப்பகுதி மாணவனுக்கு இது சிறிய காரியமன்று.

கட்டளைகள் தனித்தனிக் குறிகளல்ல என்பதும் மனங்கொள்ளத்தக்கது. அவை ஓர் இலக்கணத்துக்கு உட்பட்டவை. அழித்தலைக் குறிப்பது ‘டி’. மாற்றுதலைக் குறிப்பது ‘சி’. பிரதிசெய்தலைக் குறிப்பது ‘ஒய்’. சொல்லைச் சுட்டுவது ‘டபிள்யூ’. வரியின் இறுதியைச் சுட்டுவது டொலர்க் குறி. ‘டி’யும் ‘டபிள்யூ’வும் சேர்ந்தால் ஒரு சொல் அழியும், ‘சி’யும் டொலர்க் குறியும் சேர்ந்தால் வரியின் எஞ்சிய பகுதி மாற்றத்துக்குத் திறக்கும். தமிழ்த் தொடரில் செயப்படுபொருள் முன்னும் வினை பின்னும் வரும். இங்கே வினை முன்னும் பொருள் பின்னும் வருகின்றன. நூறு கட்டளைகளை மனனம் செய்வதைவிடப் பத்து வினைகளையும் பத்துப் பொருள்களையும் அறிந்து புணர்த்துவதே பயன்தரும். நிகண்டை மனனம் செய்வோனுக்கும் இலக்கணம் கற்போனுக்கும் உள்ள வேறுபாடு இதுவேயாகும்.

4. நிலைகளும் தமிழ் விசைப்பலகையும்

விம் தொகுப்பியை முதன்முதலில் திறப்போர் இரண்டு வினாக்களை எழுப்புவர்: எழுதினால் எழுத்து ஏன் விழவில்லை? வெளியேறுவது எப்படி? இரண்டுக்கும் காரணம் ஒன்றே. இச்செயலி கட்டளை நிலை, உள்ளீட்டு நிலை எனப் பிரிந்து இயங்குகின்றது. திறந்தவுடன் இருப்பது கட்டளை நிலை. ‘ஐ’ விசையை அழுத்தினால் உள்ளீட்டு நிலை. ‘எஸ்கேப்’ விசை மீண்டும் கட்டளை நிலைக்குக் கொணரும். முக்காற்புள்ளி இட்டு ‘டபிள்யூ’, ‘கியூ’ என எழுதி ‘என்டர்’ விசையை அழுத்தினாற் சேமித்து வெளியேறலாம். ‘கியூ’வும் ஆச்சரியக்குறியும் இட்டாற் சேமியாது வெளியேறலாம்.

இந்நிலைப் பிரிவினைக்கு வலுவான எதிர்ப்பு உண்டு. வெட்டி ஒட்டும் முறையை உருவாக்கியோருள் ஒருவரான லரி ரெஸ்லர், ஒரே விசை வெவ்வேறு வேளையில் வெவ்வேறு பொருள் தருவது மனிதரைப் பிழைக்குள் தள்ளும் என வாதிட்டு, நிலைகளற்ற செயலிகளுக்காக வாழ்நாள் முழுதும் உழைத்தார். அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும், பதிப்பாசிரியனின் நோக்கில் நின்று பார்க்குமிடத்து, எழுதுவது வேறு, எழுதப்பட்டதைத் திருத்துவது வேறு என்னும் உணர்வை இப்பிரிவினை இடையறாது நினைவூட்டுகின்றது. கேட்டதை எழுதும்போது திருத்தாதே. திருத்தும்போது புதிதாக எழுதாதே என்பது களப்பணியின் முதல் நெறி. அந்நெறிக்கு இசைவான கருவி இது.

தமிழில் எழுதுவோருக்கு இங்கே தனியான இடர் ஒன்று எழுகின்றது. கணினியின் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றி எழுதிவிட்டு ‘எஸ்கேப்’ அழுத்தினாலும் விசைகள் தமிழெழுத்துக்களையே அனுப்பிக்கொண்டிருக்கும். ஆங்கில எழுத்தை எதிர்பார்க்கும் கட்டளை நிலை எதனையும் புரிந்துகொள்ளாது. பலர் இவ்விடத்திலேயே சலித்து விலகிவிடுவர். இதற்கு விம் செயலியினுள்ளேயே தீர்வு உண்டு. ‘கீமேப்’ என்னும் விசைவரைவு ஏற்பாடு உள்ளீட்டு நிலையில் மட்டுமே எழுத்துக்களைத் தமிழாக்கும். கட்டளை நிலைக்கு மீண்டதும் விசைகள் தாமே ஆங்கிலமாகும். செயலியுடன் வரும் தமிழ் விசைவரைவு, யுனிக்கோட் பரவுமுன் வழங்கிய தஸ்கி குறியீட்டு முறைக்குரியது. யுனிக்கோட்டுக்குரியதை வேண்டுவோர் ஒரு சிறு கோப்பில் விசைக்கு எதிரே எழுத்தை வரிக்கு வரி எழுதித் தாமே ஆக்கிக்கொள்ளலாம். இலங்கையில் வழங்கும் ரெங்கநாதன் தட்டச்சு முறைக்குப் பழகியவர் அம்முறையிலேயே அதனை அமைக்கலாம். நிலைப் பிரிவினையை விரும்பாதோர் ஈமாக்ஸை நாடலாம்; தமிழ் உள்ளீட்டு முறைகள் அதனுள்ளேயே உண்டு; ‘கொன்ட்ரோல்’ விசையும் பின்சாய்கோடும் சேர்ந்து அவற்றை இயக்கவும் நிறுத்தவும் செய்யும். கட்டளைகளைத் திரையின் அடியிலேயே காட்டும் நேனோ, தொடக்க நிலையினருக்கு அமைந்தது.

முனையத் திரைகள் எழுத்துக்களைச் சமமான கட்டங்களுள் அடைக்க முயல்வதால், கொம்பும் காலும் பெற்ற தமிழெழுத்துக்கள் சிலவிடத்துச் சிதைந்து தோன்றலாம். சிதைவு திரையிலேயன்றிக் கோப்பிலன்று. இதனை அறியாது திரையைப் பார்த்துத் ‘திருத்துவோர்’ சரியான எழுத்தைப் பிழையாக்கிவிடுவர். ஐயம் தோன்றுமிடத்து, சாளர வடிவிலுள்ள ஜீவிம் போன்றவற்றில் அதே கோப்பைத் திறந்து பார்ப்பதே தக்கது.

5. ஏட்டின் பழைய இடர், கோப்பின் புதிய இடர்

இலங்கையில் 1990 களிலிருந்து தட்டச்சுச் செய்யப்பட்ட தமிழ்க் கோப்புக்களுள் மிகப்பல பாமினி எழுத்துருவில் அமைந்தவை. நினைவு மலர்களும் கோயில் மலர்களும் ஆய்வேடுகளும் நாட்டார் பாடற் றொகுப்புக்களும் இவற்றுள் அடங்கும். பாமினிக் கோப்பில் உண்மையில் இருப்பவை ஆங்கில எழுத்துக்களே. எழுத்துருவின் முகம் மட்டுமே தமிழ். எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பு பொருளற்ற ஆங்கிலக் குவியலாகத் தோன்றும். அவற்றை யுனிக்கோட்டுக்கு மாற்றாதவிடத்து அவற்றுட் சொற்களைத் தேடுவதும் ஒப்பிடுவதும் இயலா. மாற்றுவதற்குரிய பதிலீட்டுக் கட்டளைகளை விம் செயலியில் எழுதிவிடலாம். அவற்றின் ஒழுங்குமுறை தவறினால் நேர்வது யாது என்பதே ஈண்டு நோக்கற்பாலது.

பாமினியில் ‘என்’ விசை ஒற்றைக்கொம்பையும், ‘ஜி’ விசை பகரத்தையும், ‘எச்’ விசை காலையும் தரும். ஆகவே ‘என்’, ‘ஜி’, ‘எச்’ எனத் தொடர்ந்து வரின் ‘பொ’ எனக் கொள்ளவேண்டும். இம்மூன்றையும் ஒருசேர மாற்றாது தனித்தனியே மாற்றினால் கொம்பு முந்தைய எழுத்தோடு ஒட்டிவிடும். எனவே நீண்ட தொடரை முன்னும் குறுகிய தொடரைப் பின்னுமாக மாற்றவேண்டும் என்பது முதல் விதி. ஆனால், அவ்விதியும் முழுமையானதன்று. பாமினியில் ரகரம் புள்ளி பெறும்போதும் இகரம் ஏறும்போதும் அதே ‘எச்’ விசையே ரகரத்துக்கும் வழங்குகின்றது. ‘பெரிய’ என்னும் சொல் ‘என்’, ‘ஜி’, ‘எச்’, ‘பி’, ‘ஏ’ என அமையும். முதல் மூன்றையும் ‘பொ’ என மாற்றிவிட்டால் எஞ்சுவது ‘பொிய’. ‘தேர்தல்’ என்பது ‘தோ்தல்’ ஆகும். பல எழுத்துருக்களில் இவ்விரண்டும் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றுவதால் பிழை புலப்படுவதில்லை. ஆனால் ‘பெரிய’ எனத் தேடுவோனுக்கு அச்சொல் ஒருபோதும் அகப்படாது. எனவே, ‘எச்’ விசையைத் தொடர்ந்து புள்ளியோ இகர ஈகாரக் குறியோ வருமிடங்களை முதலில் ரகரமாக்கி, அதன் பின்னரே ‘பொ’, ‘தோ’ போன்றவற்றை மாற்றவேண்டும்.

இவ்விடரின் தன்மை தமிழ்ப் பதிப்பு வரலாறு கற்றோருக்குப் புதியதன்று. ஏட்டுச்சுவடிகளில் காலும் ரகரமும் ஒன்றுபோலவே எழுதப்பட்டன; புள்ளி இடப்படவில்லை; எகர ஏகார வேறுபாடு காட்டப்படவில்லை. சூழலை நோக்கியே இது காலா ரகரமா என ஏடு பார்த்துப் பதிப்பித்தோர் துணிந்தனர். கணினி எழுத்துரு ஒன்றினுள் அதே மயக்கம் மறுபிறவி எடுத்திருப்பது வியப்புக்குரியது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. ஏட்டைப் பார்த்தவர் மயக்கத்தைக் கண்டு நின்றார், கட்டளை நிற்பதில்லை. ஆயிரம் வரிகளை ஒரு கணத்திற் கடந்துவிடும்.

ஔகாரக் குறியின் மயக்கமும் இத்தகையதே. அக்குறியின் பிற்பகுதிக்கும் ளகரத்துக்கும் பாமினியில் ‘எஸ்’ விசையே உரியது. ‘வெளி’, ‘வெள்ளம்’ என்பவற்றை விதியறியாது மாற்றினால் ‘வௌி’, ‘வௌ்ளம்’ என விகாரமடையும். தொடர்ந்து புள்ளியோ உயிர்க்குறியோ வரின் அது ளகரமே. வராதவிடத்து மட்டும் ஔகாரமாகக் கொள்க என விம் செயலியின் தேடல் வாய்பாட்டில் நிபந்தனை விதிக்கலாம். ‘கௌரவம்’, ‘வௌவால்’ போன்றவை அப்போது சரியாக அமையும். எஞ்சும் சில இடங்களைக் கண்ணாற் பார்த்தே துணியவேண்டும்.

மாற்றம் முடிந்தபின் சரிபார்ப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. தமிழில் உயிர்க்குறியை அடுத்து இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ வருதல் இயலாது. அத்தகைய தொடர்களை மட்டும் தேடும் ஒரு வாய்பாட்டை இட்டால், ‘பொிய’, ‘தோ்தல்’, ‘வௌி’ ஆகிய யாவும் ஒருங்கே வெளிப்படும். கொம்பும் காலும் ஒரே குறியாக அமையாது இரு குறிகளாக ஒட்டி நிற்கும் ‘கொ’ போன்ற எழுத்துக்களும் அதே வலையில் அகப்படும். இவற்றையும் ஒருமுகப்படுத்தாவிடின், ஒரே தோற்றமுடைய இரு சொற்களைக் கணினி வேறுவேறாகவே கருதும். எழுத்திலக்கணத்தின் ஒரு விதியே இங்கே பிழை காணும் கருவியாகின்றது என்பது கலைப்பீட மாணவர் கவனிக்கவேண்டியது.

6. பதிலீடும் வழக்குமொழியும்

மேற்கூறியவை எழுத்துப் பற்றியவை. அவற்றிற் சரி, பிழை என்பன ஐயத்துக்கிடமின்றி உள்ளன. சொல் பற்றிய பதிலீடே பெரும் ஆபத்து நிறைந்தது. கோப்பு முழுவதிலும் ஒரு சொல்லை இன்னொன்றால் மாற்றும் கட்டளை, திறமைக் குறிப்புக்கள் யாவற்றிலும் முதலிடம் பெறுவது. அதனைத் தோட்டப் பாடல்களின்மீது செலுத்தினால் நிகழ்வதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தோட்டத்து வழக்கில் ‘தொரை’ என்பதே வழங்குகின்றது, ‘துரை’ அன்று. ‘புள்ளக்காம்பரா’ என்பதே சொல். ‘பிள்ளைக் காப்பகம்’ அன்று. ‘பெரட்டு’, ‘கவ்வாத்து’, ‘கைக்காசு’, ‘அரைப்பேர்’ முதலிய சொற்கள் வெறும் கொச்சையல்ல. வேலை நேரமும் கூலியும் அதிகாரமும் அவற்றுட் பதிந்துள்ளன. அதிகாலையில் ஆட்களை நிறுத்தி வேலை பங்கிடும் ‘பெரட்டு’ என்பதனை ‘அணிவகுப்பு’ என மாற்றிய கணத்திலேயே, அக்களத்தில் நின்ற தொழிலாளியின் குளிரும் அச்சமும் சொல்லிலிருந்து வெளியேறிவிடுகின்றன. ‘அரைப்பேர்’ என்பதனை ‘அரைநாட் சம்பளம்’ என விளக்கலாம். ஆனால், முழுநாள் நின்று உழைத்தும் நிறை குறைந்தமையால் அரைப்பேர் எழுதப்பட்டவளின் குமுறல் அவ்விளக்கத்தில் இல்லை. சப்ரகமுவத் தோட்டங்களின் பேச்சிற் கலந்துள்ள சிங்களச் சொற்களும் இத்தகையனவே. அவை நீக்கப்பட்டால், கிராமங்களின் நடுவே வாழ்ந்த மக்களின் உறவும் முரணும் பற்றிய சான்றுகளும் உடன் நீங்கும்.

ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள்வோம். றக்வான, றக்வானை, இறக்குவானை எனப் பல வடிவங்கள் வழங்குகின்றன. கோப்பு முழுவதும் ஒரே வடிவம் இருப்பதே ஒழுங்கு எனக் கருதி ஒரு கட்டளையால் அவற்றை ஒன்றாக்கிவிடலாம். ஆனால், எந்தப் பாடகர் எந்த வடிவத்தைக் கூறினார் என்பதும் ஒரு செய்தியே. ஓசை நயமும் அதனோடு பிணைந்தது. தேடுவதற்கு மூன்று வடிவங்களையும் ‘அல்லது’ என்னும் குறியால் இணைத்து ஒரே தேடலில் காணும் வசதி விம் செயலியில் உண்டு. தேடலுக்காகப் பாடத்தை ஒருமைப்படுத்த வேண்டியதில்லை. தேடலைப் பன்மைப்படுத்தினாற் போதும். இக்கட்டுரை முன்வைக்கும் குறிப்புக்கள் யாவற்றினும் பயன்மிக்கது இதுவே எனலாம்.

பதிலீடு தவிர்க்கவியலாதவிடத்து அதனை மெதுவாகச் செய்விக்கும் வழிகளும் உண்டு. கட்டளையின் இறுதியில் ‘ஜி’யுடன் ‘சி’யையும் சேர்த்தால், ஒவ்வோரிடத்திலும் நின்று செயலி அனுமதி கேட்கும், ‘ஒய்’ ஆம் என்பதற்கும் ‘என்’ இல்லை என்பதற்கும் விடை. அல்லது ஓரிடத்தில் மாற்றத்தைக் கையாற் செய்துவிட்டு, ‘என்’ விசையால் அடுத்த இடத்துக்குச் சென்று, வேண்டுமிடத்து மட்டும் முற்றுப்புள்ளி விசையை அழுத்தலாம். அது முன்செய்த மாற்றத்தை அவ்விடத்தில் மீண்டும் நிகழ்த்தும். விரைவை நாடுவோர் இதனை வீண் தாமதம் என்பர். பதிப்பாசிரியனுக்கோ இத்தாமதமே சிந்திக்கும் இடைவெளி.

7. மீட்சியும் பொறுப்பும்

நல்ல பதிப்பின் இலக்கணம், மூலம் எது, பதிப்பாசிரியன் செய்த மாற்றம் எது எனப் பிறர் பிரித்தறியக்கூடியதாயிருத்தலாகும். இவ்விலக்கணத்தைப் பேணுதற்கு உரைத்தொகுப்பி நான்கு வகையில் துணைநிற்கின்றது.

முதலாவது, மீட்சி. ‘யூ’ விசை செய்ததை நீக்கும். விம் செயலி மாற்றங்களைக் கிளைவிடும் மரமாகவே நினைவில் வைத்திருப்பதால், கைவிட்ட கிளைக்கும் திரும்பலாம். பத்து நிமிடங்களுக்கு முன் பாடம் இருந்த நிலைக்கு மீளவும் கட்டளை உண்டு. 2010 இல் வெளிவந்த 7.3 ஆம் பதிப்பு முதல், உரிய தெரிவை இயக்கிவைத்தால், கோப்பை மூடித் திறந்தபின்னும் இவ்வசதி எஞ்சும்.

இரண்டாவது, காப்பு. எழுதிக்கொண்டிருக்கும்போதே செயலி ஒரு துணைக்கோப்பில் மாற்றங்களைக் குறித்துவைக்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாட்டில் இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை. மின்தடைக்குப்பின் கோப்பைத் திறக்கும்போது தோன்றும் எச்சரிக்கையைக் கண்டு அஞ்சித் துணைக்கோப்பை அழித்துவிடாது, முதலில் மீட்டெடுத்தல் வேண்டும்.

மூன்றாவது, ஒப்பீடு. ஒரே பாடலின் இரு வடிவங்களை அருகருகே வைத்து வேறுபாடுகளை நிறத்தாற் காட்டும் விம்டிஃப், பாடபேதம் காணும் கருவியேயாகும். அது வரிக்கு வரி ஒப்பிடுவதால், பாடலின் ஒவ்வோர் அடியையும் தனி வரியாக எழுதிவைத்தல் இன்றியமையாதது. அவ்வாறெழுதிய கோப்பில், ஒரு குறித்த தொடர் வரும் அடிகளை மட்டும் ‘ஜி’ கட்டளையாற் பட்டியலிடவும் முடியும். தமிழ் வீரயுகப் பாடல்கள் பற்றி 1968 இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலில் க. கைலாசபதி வாய்மொழிப் பாடல்களின் வாய்பாட்டுத் தொடர்களுக்கு எத்துணை முக்கியத்துவம் அளித்தார் என்பதை அறிந்தோர், இச்சிறு கட்டளையின் ஆய்வுப் பயனை எளிதில் உணர்வர்.

நான்காவது, சான்று. பதிலீட்டுக் கட்டளைகளை ஒவ்வொன்றாகத் தட்டி மறந்துவிடாது, அவற்றை ஒரு தனிக்கோப்பில் ஒழுங்காக எழுதி, அக்கோப்பையே இயக்குவதற்கு ‘சோர்ஸ்’ கட்டளை உதவுகின்றது. மூலக்கோப்பைத் தொடாது பிறிதொரு பெயரிற் சேமித்து அதன்மீது இயக்கினால், மூலமும் விதிகளும் விளைவும் மூன்றும் தனித்தனியே எஞ்சும். பதிப்புரையிற் ‘சில திருத்தங்கள் செய்யப்பட்டன’ எனப் பொதுவாகக் கூறி அமைவதினும், செய்த திருத்தங்கள் அனைத்தையும் வரிசைப்படுத்திக் காட்டும் இக்கோப்பு நேர்மையானது. அதன் விதியொன்று பிழையென நாளை ஒருவர் கண்டால், அதனை மட்டும் திருத்தி மூலத்தின்மீது மீண்டும் இயக்கலாம்.

8. மறுப்புக்களும் முடிவும்

இவ்வளவு இடர்ப்பட்டு இக்கருவியைக் கற்கவேண்டுமா, வழக்கமான சொற்செயலி போதாதா என்னும் வினா எழலாம். கட்டுரை எழுதவும் அச்சுக்கு அழகுபடுத்தவும் சொற்செயலி போதும். ஆனால், அது எழுத்தோடு வடிவத்தையும் பிணைத்து வைப்பதாற் பாடத்தின் உள்ளமைப்பு மறைந்துவிடுகின்றது. வெறும் எழுத்தாலான கோப்பு எந்தக் கணினியிலும் எந்தக் காலத்திலும் திறக்கும். பாமினிக் கோப்புக்கள் நேர்ந்த கதி அறிந்தோர் இதனைப் புறக்கணிக்கமாட்டார்.

கட்டளைகள் யாவும் ஆங்கில எழுத்தாலானவை என்பது இரண்டாவது மறுப்பு. இது நியாயமானதே. தோட்டப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியர் இன்றிக் கற்றுவந்த மாணவனுக்கு இது மேலதிகச் சுமை. ஆனால், வேண்டப்படுவது ஆங்கில மொழியறிவன்று; இருபது முப்பது குறிகளின் பழக்கமே. அவற்றைத் தமிழில் விளக்கும் நல்ல கைநூல் ஒன்றை ஆக்குதல் கணினித்துறையும் தமிழ்த்துறையும் இணைந்து ஆற்றவேண்டிய பணியாகும். கலைச்சொற்களைப் பட்டியலிடுவதோடு நின்றுவிடாது, தமிழெழுத்தின் இடர்களை எடுத்துக்காட்டி வழிகாட்டுவதாக அது அமைதல் வேண்டும்.

மூன்றாவது மறுப்பே மிக ஆழமானது. பாடல் என்பது குரல், மெட்டு, கொழுந்து பறிக்கும் கையின் வேகம். எத்தகைய தொகுப்பியும் இவற்றைக் கோப்பினுட் கொணராது. இதனை மறுப்பதற்கில்லை. எழுத்துவடிவம் பாடலின் நிழலே. எனவேதான் ஒலிப்பதிவைப் பேணுதலும், அதன் எந்த நிமிடத்தில் எந்த அடி வருகின்றது எனக் கோப்பிற் குறித்தலும் அவசியமாகின்றன. நிழலாயினும், உருவம் மறைந்தபின் எஞ்சப்போவது அதுவாயின், அதனைச் சிதைக்க எவருக்கும் உரிமையில்லை.

சுருங்கக் கூறின், உரைத்தொகுப்பியின் திறமையை மிச்சப்படும் விசைகளால் அளப்பது போதாது. செய்த மாற்றம் தெரிகின்றதா, மீட்கக்கூடியதா, பிறர் முன் காரணம் காட்டக்கூடியதா என்னும் மூன்று வினாக்களே அதன் அளவுகோல். இவ்வளவுகோலின்படி, கட்டளைவழித் தொகுப்பிகள் உயர்ந்த கருவிகளாகவும் ஆபத்தான கருவிகளாகவும் ஒருங்கே விளங்குகின்றன. றக்வானைத் தோட்டங்களின் மக்கள் தம் உழைப்பைப் பெரட்டுக் களத்தில் பேர்களாக எழுதக் கண்டவர்கள். அவர்தம் பெயர்களும் ஊர்களும் பிறர் வசதிக்கேற்ப எழுதப்பட்டும் மாற்றப்பட்டும் வந்துள்ளன. அவர்களது பாடல்களையேனும் அவர்கள் பாடியவாறே எழுதிவைப்பது கல்வி பெற்ற அடுத்த தலைமுறையின் கடன். கட்டளையிடும் முன் ஒருகணம் நின்று பாடத்தை நோக்கும் பழக்கமே அக்கடனைத் தீர்ப்பதற்கு முதலில் வேண்டப்படுவது.